கோதியா கோப்பைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 1975இல் தொடங்கப்பட்டு, ஆண்டுதோறும் ஜூலையில் 1,500க்கும் மேற்பட்ட இளையோர் கால்பந்து அணிகளை ஈர்க்கும் கோதியா கோப்பையில் ஆடப் புறப்படும் நம் அணிகள் பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியேதான் தடுக்கி விழுகின்றன.

பள்ளி அணியை வகுப்புவாரியாகத் தேர்ந்தெடுப்பது முதல் தவறு. அங்கு வயதுப் பிரிவு பிறந்த ஆண்டின் ஜனவரி 1ஆம் தேதியை வைத்தே கணக்கிடப்படுவதால், ஒரே பெஞ்சில் உட்காரும் இருவரில் முந்தைய ஆண்டு டிசம்பர் 31இல் பிறந்தவன் மேல் பிரிவுக்குப் போய்விடுவான். அடுத்தது கடவுச்சீட்டு. சிறுவர்களுக்கு அது பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கோ 18 வயது நிறையும் வரையோ, எது முந்தியதோ அதுவரைதான் செல்லும் என்பதையும், ஷெங்கன் நாடுகளை (ஸ்வீடன் உட்பட ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகளை) விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதங்களுக்கு அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்பதையும் மே மாதத்தில்தான் பலர் கவனிக்கிறார்கள். நமக்கே உரிய இன்னொரு சிக்கல் தலைப்பெழுத்து: பிறப்புச் சான்றிதழில் ‘சு. கார்த்திக்’ என்றும் கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்தும் இருந்தால், அணிப் பட்டியலில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுத வேண்டும். விசா முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சிலவேளை 45 நாள்கூட ஆகும்; ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்றிருக்க, சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் ஜூன் வரை காத்திருப்பானேன்?

முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள் போய் இறங்குவதும் தவறே. இந்தியாவைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கிய அந்த ஊரில் ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், விடிவதோ நாலரைக்குள். பல அணிகள் பள்ளி வகுப்பறைத் தரையில் மெத்தை விரித்துத்தான் படுக்கின்றன. திரையில்லாத ஜன்னலைப் பார்த்தபடி உருண்டு கிடக்கும் பிள்ளைக்கு, எந்த உத்தியைவிடவும் கண்ணை மறைக்கும் ஒரு துணிப்பட்டையே உதவும். செயற்கைப் புல்லுக்கு அடியில் உலோகக் குமிழ் (ஸ்டட்) வைத்த காலணி ஆகாது. புதுக் காலணியை அங்கேதான் முதன்முதலில் அணிவேன் என்றால் கொப்புளம் நிச்சயம்.

2025இல் ஒரே கோடையில் கோதியா, டென்மார்க்கின் டானா, நோர்வே கோப்பைகளை வென்ற பஞ்சாபின் மினர்வா அகாடமியின் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் சேர்ந்து வாழ்ந்து பயிற்சி பெறுபவர்கள். கட்டணம் கட்ட முடிந்தவர்களை ஒரு மாதம் முன்பு திரட்டி உருவாக்கும் அணியை அவர்களோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளைத் திட்டுவது அநியாயம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குழுச் சுற்றில் தோற்றதும் பயணம் முடிந்துவிட்டது என்று பயிற்சியாளரே நினைத்துவிடுவது. அங்கு குழுவில் பின்தங்கிய அணிகளுக்கும் ‘பி’ பிரிவு வெளியேற்றுச் சுற்று உண்டு. ஏறக்குறைய தம் தரத்திலுள்ள எதிரணியோடு பிள்ளைகள் மோதும் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கிறது. அதை ஆறுதல் ஆட்டம் என்று ஒதுக்கிவிட்டு, லிசெபெர்க் கேளிக்கைப் பூங்காவில் இரவு வெகுநேரம் சுற்றவிட்டால், மறுநாள் காலை எட்டு மணி ஆட்டத்தில் பத்தாவது நிமிடத்திலேயே அவர்கள் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள்.