ஃப்ளைட் எவ்ளோ நேரம் பறக்கும்? நாமளே கணக்கு போடலாம் வாங்க

ரெண்டு ஊர் பேர தட்டினா தூரம், நேரம் ரெண்டையும் சொல்ற சைட் நெறைய இருக்கு, ஆனா அது சொல்ற நேரமும் டிக்கெட்ல இருக்கற நேரமும் ஒத்துப்போகாம ஒரு மணி ரெண்டு மணி உதைக்கும், ஏன் உதைக்குதுன்னு புரியணும்னா ஒரு தடவ கையால போட்டு பாக்கணும். லண்டன் ஹீத்ரோ டு நியூயார்க் ஜேஎஃப்கே எடுத்துக்கலாம்.

முதல்ல தூரம். சுவத்து மேப்ல ஸ்கேல் வச்சு அளக்காதீங்க ப்ளீஸ், உருண்டைய தட்டையா விரிச்சதுல வடக்க போகப்போக எல்லாமே இழுபட்டு பெருசா தெரியும். கூகுள் எர்த்ல ரூலர எடுத்து இந்த ஏர்போர்ட்ல ஒரு கிளிக், அந்த ஏர்போர்ட்ல ஒரு கிளிக், சுமார் 5,540 கிலோமீட்டர்னு வரும். கோடு அயர்லாந்து பக்கமா மேல வளைஞ்சு போய் கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து வழியா கீழ இறங்கும், பாக்க சுத்து வழி மாதிரிதான் இருக்கும், ஆனா உருண்டைல அதுதான் குறுக்கு வழி.

அடுத்து வகுத்தல். பெரிய ஜெட் விமானம் மேல போய் செட்டில் ஆனதும் மணிக்கு கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர் போகும். 5,540ஐ 900ஆல வகுத்தா 6 மணி 10 நிமிஷம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் கம்மி, தரையில வேற ஊர்ந்து போகணும், அதுக்கு ஒரு அரை மணி சேத்துக்கோங்க.

இப்பதான் மேட்டரே, காத்து. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்துல ஜெட் ஸ்ட்ரீம்னு ஒரு காத்து மேற்கிலிருந்து கிழக்கா அடிச்சுட்டே இருக்கும், விமானம் பறக்கறதும் அதே உயரம்தான். எதிர்காத்து 100ன்னு வச்சா வேகம் 800 ஆகி 6 மணி 55 நிமிஷம், திரும்பி வரும்போது அதே காத்து பின்னாடி தள்ளினா 1,000 ஆகி அஞ்சரை மணிக்கு பக்கம். 2020 பிப்ரவரில சியாரா புயல் சமயத்துல பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒண்ணு நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள்ளயே வந்துருச்சு! ஆனா டைம்டேபிள்ல போக சுமார் 8, வர சுமார் 7ன்னுதான் இருக்கும், ஏன்னா அது கேட்ல இருந்து கேட் வரைக்குமான நேரம், ரன்வே க்யூவுக்கும் சேத்தே போட்டு வைப்பாங்க.

ரூட்டையும் ஒரு பார்வ பாத்துருங்க. ஹெல்சிங்கி டு டோக்கியோ 7,800 சொச்சம் கிலோமீட்டர்தான், முன்னாடி ஒம்போதரை மணி நேரத்துல போனாங்க, 2022ல ரஷ்யா வான்வழிய மூடினப்புறம் சுத்திக்கிட்டு போறதால சுமார் 13 மணி நேரம். ரூலர் இதெல்லாம் சொல்லாது.

கடைசியா கடிகாரம். லண்டன்ல காலைல 11க்கு கிளம்பி நியூயார்க்ல மத்தியானம் 2க்கு இறங்கும்னு போட்டிருந்தா அது 3 மணி நேரம் இல்லங்க, நியூயார்க் 5 மணி நேரம் பின்னாடி, அதனால 2ங்கறத லண்டன் டைமுக்கு மாத்தி சாயங்காலம் 7ன்னு எழுதிட்டு கழிங்க, 8 வரும். மார்ச்ல உஷார், அமெரிக்கா ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே கடிகாரத்த முன்னாடி தள்ளிரும், பிரிட்டன் கடைசி ஞாயிறு வரைக்கும் தள்ளாது, நடுவுல அந்த ரெண்டு மூணு வாரத்துக்கு வித்தியாசம் 4 மணி நேரம்தான்.