லைட்டைத் திற, காரைத் திற: சீன மொழி பேசுபவருக்கு ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் மீன் சூப் விற்கும் அக்கா ஒருவர் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துக்காரர். கடையை மூடியபின் வாரத்தில் இரண்டு நாள் என்னிடம் ஆங்கிலம் படிக்கிறார். ஒருநாள் பேச்சுவாக்கில் இருட்டிவிட்டது. "லாவ்ஷி, ஓபன் தி லைட்" என்றார். லாவ்ஷி என்றால் சீனத்தில் ஆசிரியர். இந்த ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்வார்கள் என்பதால் எனக்கு அது உறைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மை சன் கேன் ஓபன் கார்" என்றார், பெருமையாக. கார் கதவைத் திறப்பதில் என்ன பெருமை என்று விழித்தேன். பையனுக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்திருக்கிறது. அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

வேலையிடத்திலோ இணையவழியிலோ சீன மொழி பேசுபவருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குச் சீனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கே நூறு சொல்தான் தெரியும். ஒரு நோட்டும் கொஞ்சம் வெற்று அட்டைகளும் போதும்.

படி 1: முதலில் உங்கள் 'போடு'வை எண்ணுங்கள்

சட்டை போடு, கோலம் போடு, டீ போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு, ஊசி போடு, லைட் போடு. இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: வேர், ட்ரா, மேக், சைன், ஃபைட், கிவ், டர்ன் ஆன். ஏழு இடம், ஏழு வினை. 'போடு என்றால் புட்' என்று மட்டும் உருப்போட்ட ஒருவர் நம்மிடம் என்ன பாடு படுவார்!

சீனர்களும் அதே பாட்டைத்தான் படுகிறார்கள். அங்கே விற்கும் சொற்பட்டியல் புத்தகங்கள் பலவும் அகர வரிசையில் 'அபாண்டன்' என்ற சொல்லோடு தொடங்கும். 'கைவிடு' என்று பொருள். முதல் சொல்லிலேயே படிப்பைக் கைவிட்டோம் என்பது அங்குள்ள மாணவர்களின் பழைய கேலி. ஒரு சொல், எதிரே ஒரு பொருள் என்று பட்டியல் போடுவதில்தான் சிக்கலே. பட்டியலை ஓரமாக வையுங்கள்.

படி 2: சீனச் சொல்லிலிருந்து தொடங்குங்கள்

'காய்' என்ற சீன வினையை எடுத்துக்கொள்வோம். நம் வாழைக்காய் அல்ல. 'கா'வைக் கொஞ்சம் காற்றோடு, குரலை ஏற்றி இறக்காமல் சமமாகச் சொல்ல வேண்டும். நோட்டின் நடுவில் அந்தச் சொல்லை மாணவரையே சீன எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இதோடு வேறு எந்தச் சொல்லெல்லாம் சேரும் என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல, சுற்றிலும் எழுதட்டும். எங்கள் அக்கா சொன்னவை: கதவு, லைட், கார், கூட்டம், பூ, கிண்டல், தண்ணீர்.

ஆங்கிலம் அதற்குப் பிறகுதான். கதவை ஓபன் செய்யலாம். லைட்டை டர்ன் ஆன். காரை டிரைவ். கூட்டம் என்றால் ஹேவ் எ மீட்டிங். பூ என்றால் ப்ளூம். கிண்டலுக்கு மேக் எ ஜோக். கடைசியாகச் சொன்ன 'காய் தண்ணீர்' திறந்த தண்ணீர் இல்லை, கொதிக்கவைத்த தண்ணீர்.

வட்டம் நிறைந்ததும் அக்கா நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு 'ஓபன்' என்பதை விரலால் தொட்டு, "ஒன்லி டோர்?" என்றார். கதவு மட்டும் இல்லை. ஜன்னல், பெட்டி, கடை, வாய் எல்லாம் வரும். ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. அதுவரை ஓபனுக்கும் ஓர் எல்லை உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

எதிர்ச்சொல் 'குவான்'. கதவை மூடுவதற்கும் லைட்டை அணைப்பதற்கும் அதே ஒரு சொல்தான். அதையும் இதே போல வட்டம் போட்டுவிடலாம்.

படி 3: அட்டையில் தனிச்சொல் எழுதாதீர்கள்

அட்டையின் முன்பக்கம் படம் அல்லது சீனச் சொற்சேர்க்கை. பின்பக்கம் முழுத்தொடராக 'டர்ன் ஆன் தி லைட்'. வெறும் 'டர்ன் ஆன்' என்று எழுதினால் மறுபடி பட்டியலில்தான் போய் நிற்போம். முழுத்தொடரால் இன்னொரு லாபமும் உண்டு. ஆங்கிலத்தின் 'எ', 'தி' சீனத்தில் கிடையாது, நமக்கும்தான் கிடையாது. இலக்கணம் விளக்காமலே அவை நாக்கில் ஏறிவிடும்.

ஒரு நாளைக்கு ஐந்து அட்டை போதும். மறுநாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை எடுத்துக் கேளுங்கள். தவறியது மட்டும் திரும்ப முதல் கட்டுக்குப் போகட்டும். ஆர்வக்கோளாறில் ஒரே நாளில் முப்பது அட்டை எழுதினேன். அடுத்த வகுப்புக்கு அக்கா வரவில்லை.

அடுத்த வட்டத்துக்கு நல்ல சொல், 'அடி' என்று பொருள் தரும் சீன வினை. போன் அடிப்பதும் டைப் அடிப்பதும் அவர்களுக்கும் அடிதான். ஊசியும் குடையும்கூட அதே அடியில் வந்துவிடும். போனுக்கு மேக் எ கால், டைப்புக்கு வெறும் டைப், ஊசிக்கு கெட் அன் இஞ்செக்ஷன்.

படி 4: பார்த்தேன், கண்ணில் படவில்லை

லுக், சீ, வாட்ச், ரீட் நான்கும் சீனத்தில் 'கான்' என்ற ஒரே வினைக்குள் அடங்கும். படம் பார்ப்பது கான், டாக்டரைப் பார்ப்பது கான், புத்தகம் படிப்பதும் கான். 'ஐ லைக் சீ புக்' என்று காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

வாட்ச், ரீட் இரண்டையும் அட்டையில் தீர்த்துவிடலாம். லுக், சீ இரண்டும்தான் வழுக்கும். இதற்கு அவர்கள் மொழியிலேயே ஒரு கைப்பிடி உண்டு. 'கான்' என்றால் கண்ணைத் திருப்புவது. 'கான்ஜியென்' என்றால் கண்ணில் பட்டுவிட்டது. முதலாவது முயற்சி, இரண்டாவது பலன். கான் வரும் இடத்தில் லுக், கான்ஜியென் வரும் இடத்தில் சீ.

செய்து காட்டினால் உடனே பிடிபடும். ஒரு பேனாவை மேசைக்கு அடியில் ஒளித்து வையுங்கள். மாணவர் மேசைமேல் தேடட்டும்: 'ஐ லுக்ட், பட் ஐ டிடின்ட் சீ இட்.' குனிந்து பார்க்கட்டும்: 'நவ் ஐ சீ இட்.' கேட்பதற்கும் இதே கதைதான். 'திங்' என்றால் லிஸன், 'திங்ஜியென்' என்றால் ஹியர். 'ஜாவ்' என்றால் லுக் ஃபார், 'ஜாவ்தாவ்' என்றால் ஃபைண்ட். நாம் 'தேடினேன், கிடைக்கலை' என்பது போல. ஒரே பேனாவில் மூன்று ஜோடி முடிந்துவிடும். எனக்கு இந்தப் படிதான் ரொம்பப் பிடிக்கும்.

படி 5: குடையை வைத்து பாரோவும் லெண்டும்

இரவல் வாங்குவது, இரவல் கொடுப்பது இரண்டும் சீனத்தில் 'ஜியெ'. 'கேன் யூ பாரோ மீ யுவர் பென்?' என்ற வாக்கியம் பிறப்பது இங்கேதான். விளக்கம் வேண்டாம், ஒரு குடையை எடுங்கள். உங்கள் கையிலிருந்து அவர் கைக்குப் போகும்போது நீங்கள் 'ஐ லெண்ட்' என்றும் அவர் 'ஐ பாரோ' என்றும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். பிறகு திசையை மாற்றுங்கள். பத்து முறை. ஒரு குறுக்குவழியும் உண்டு: ஜியெவுக்கு அடுத்து 'கெய்', அதாவது 'கொடு', ஒட்டிக்கொண்டு வந்தால் அது லெண்ட்.

படி 6: அவனும் அவளும்

நன்றாக ஆங்கிலம் பேசும் சீனர்கூடத் தன் மனைவியை 'ஹி' என்பார். அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் ஒரே ஒலி, 'தா'. எழுத்தில்தான் வேறுபாடு. பெண்ணுக்கெனத் தனி எழுத்து பரவியதே 1920 வாக்கில். அதற்கு முன்னின்றவர் லியூ பான்நொங் என்ற கவிஞர். பேசும் வேகத்தில் ஆண்பால் பெண்பால் பார்க்கும் பழக்கம் அவர்கள் வாய்க்கு இல்லை, அவ்வளவுதான். அவன், அவள், அவர் என்று மூன்று வைத்திருக்கும் நமக்கு இது வேடிக்கையாகப் படலாம், சிரித்துவிடாதீர்கள்.

மாணவரின் போனில் இருக்கும் குடும்பப் படங்களைத் திறந்து, ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வாக்கியம் கேளுங்கள். தவறும்போது இடைமறிக்காமல், படத்தை மட்டும் விரலால் தட்டுங்கள். அவரே திருத்திக்கொள்வார்.

அதே படங்களில் உறவுமுறையும் வந்துவிடும். இங்கே அவர்களைவிட நமக்குத்தான் கொண்டாட்டம். அப்பாவின் அண்ணன் போபோ, தம்பி ஷூஷூ, அம்மாவின் சகோதரர் ஜியூஜியூ. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா! ஆங்கிலம் எல்லோரையும் 'அங்க்கிள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது என்று சொன்னதும் அக்காவின் முகத்தில் வந்த ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிந்தது. 'மை மதர்ஸ் பிரதர்' என்று விரித்துச் சொல்லக் கற்றுக்கொடுத்தேன்.

படி 7: லட்சம் தெரிந்தவருக்கு வான் எளிது

ஆங்கிலம் மூன்று மூன்று இலக்கமாகப் பிரிக்கும். சீனம் நான்கு நான்காக. பத்தாயிரம் ஒரு 'வான்', பத்துக் கோடி ஒரு 'யீ'. வாடகை, சம்பளம், வீட்டு விலை என்று வந்தால் தலை சுற்றுவது இதனால்தான். லட்சத்தை மில்லியனாக்க நாம் மனதுக்குள் கணக்குப் போடுகிறோமே, அதே கூத்து.

3,50,000 என்ற எண்ணைப் புள்ளி, கமா இல்லாமல் 350000 என்று எழுதுங்கள். வலமிருந்து நான்கு இலக்கம் விட்டு மாணவர் ஒரு கோடு போடட்டும்: 35 வான். பிறகு வலமிருந்து மூன்று இலக்கம் விட்டு நீங்கள் கமா போடுங்கள்: த்ரீ ஹண்ட்ரட் அண்ட் ஃபிஃப்டி தவுசண்ட். நான்கு முளைகளை மனப்பாடம் செய்யட்டும். 10 வான் ஹண்ட்ரட் தவுசண்ட், 100 வான் ஒன் மில்லியன், 1 யீ ஹண்ட்ரட் மில்லியன், 10 யீ ஒன் பில்லியன்.

படி 8: 'யெஸ்' என்றால் இல்லை

'யூ டோன்ட் லைக் ஸ்பைஸி ஃபுட்?' என்று கேட்டால், பிடிக்காத சீனர் 'யெஸ்' என்பார். நீங்கள் சொன்னது சரி என்று அர்த்தம். நாமும் "ஆமா, பிடிக்காது" என்றுதானே சொல்கிறோம்? ஆங்கிலத்தில் அதற்கு 'நோ, ஐ டோன்ட்'. நானே இதில் இன்னும் தடுக்கி விழுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு வகுப்பு நன்றாகப் போனது. தொடக்கத்தில் யெஸ், நோ மட்டும் சொல்லி நிறுத்தாமல், 'ஐ டூ', 'ஐ டோன்ட்' என்று வாலையும் சேர்த்துச் சொல்லப் பழக்கினால் போதும்.

எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே இருக்கவும் வேண்டாம். போன மாதம் எனக்கு ஒரு நேர்காணல் இருந்தது. காலையில் அக்காவிடமிருந்து குறுஞ்செய்தி: 'லாவ்ஷி, ஆட் ஆயில்!' எண்ணெய் ஊற்று என்பது சீனத்தில் ஒருவரை ஊக்கப்படுத்தும் சொல், அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டிருந்தார். பழக்கதோஷத்தில் திருத்த விரலை வைத்தேன். ஆனால் 2018-இலேயே ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 'ஆட் ஆயில்' என்பதைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. நன்றி என்று மட்டும் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன்.