நெட்டைக்கால் சிலந்திகளில் யாருக்கு யார் உறவு? அடிக்கடி நேரும் தவறுகள்

ஒட்டடை அடிக்கப் போனால் கூரை மூலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, லேசாகத் தொட்டாலே உடம்பைக் கிறுகிறுவென்று சுழற்றும் ஒரு சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். மயிரிழை போன்ற கால்கள், நடுவில் சின்ன உடம்பு. இது ஃபோல்சிடே குடும்பம். 1850இல் கோக் என்ற ஜெர்மானியர் வகுத்த இந்தக் குடும்பத்தில் இன்று ஏறத்தாழ இரண்டாயிரம் இனங்கள் இருக்கின்றன.

முதல் தவறு, கால் நீளமாக இருக்கும் எல்லாவற்றையும் இதில் சேர்ப்பது. ஓபிலியோன்ஸ் என்ற உயிரிக்கும் அதே நெட்டைக் கால்கள்தான். ஆனால் அது சிலந்தியே இல்லை, உயிரின வகைப்பாட்டில் தனி வரிசை. தலைமார்பும் வயிறும் இடையில் குறுகாமல் ஒரே உருண்டையாக இருக்கும், நூல் நூற்காது, விஷமும் கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே செல்லப்பெயர் இருப்பதால் இணையத்தில் படங்கள் கலந்து கிடக்கின்றன. இடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டில் இருப்பதெல்லாம் ஒரே வகை என்று நினைப்பதுதான் நானும் பல வருடங்கள் செய்த தவறு. கண்ணில் பட்டதையெல்லாம் இந்தக் குடும்பத்தின் ஒரு பேரினமான ஃபோல்கஸ் என்றே குறித்து வைத்திருந்தேன். ஒருநாள் பக்கவாட்டில் படம் எடுத்தபோதுதான் வயிற்றின் பின்பக்கம் மேல்நோக்கிக் கூம்பியிருப்பது தெரிந்தது. அது கிராசோபிரைசா லயோனி, தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது. 1867இல் பிளாக்வால் என்ற சிலந்தி ஆய்வாளர் இதை விவரித்தபோது அவரும் ஃபோல்கஸ் பேரினத்தில்தான் வைத்தார், பிறகுதான் மாற்றினார்கள். ஃபோல்கஸுக்கு வயிறு உருளை வடிவம். வீடுகளில் காணப்படும் இன்னொரு இனமான ஆர்டெமா அட்லாண்டாவுக்குப் பருத்த உருண்டை வயிறு. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு துணைக்குடும்பங்கள்! ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் வாழலாம், ஆனால் அவை பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன.

சரி, உருவத்தை வைத்தே உறவைச் சொல்லலாமா? இங்கேதான் நிபுணர்களும் சறுக்கியிருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கு எட்டுக் கண்கள், சிலவற்றுக்கு ஆறு. நடுவில் உள்ள இரண்டு கண்களை வெவ்வேறு கிளைகள் தனித்தனியாக இழந்திருக்கின்றன. ஆறு கண் இருக்கிறது என்பதற்காக ஆசிய இனங்கள் பலவற்றை ஒரு காலத்தில் ஸ்பெர்மோஃபோரா என்ற பேரினத்தில் போட்டுவிட்டார்கள். பின்னர் சிலந்தி ஆய்வாளர் பெர்ன்ஹார்ட் ஹூபர் ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளை நுணுகிப் பார்த்து அவற்றில் பலவற்றை பெலிசானா என்ற வேறு பேரினத்துக்கு மாற்றினார். இலைக்கு அடியில் வாழ்பவையும் அப்படித்தான். வெளிறிய பச்சை நிறம், நீண்டு மெலிந்த உடம்பு, பார்த்தால் கூடப்பிறந்தவை போல் இருக்கும். இலை வாழ்க்கைக்கு ஏற்ப இந்தத் தோற்றம் பல தடவை தனித்தனியாக உருவானது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

கால் நீளத்தையே குடும்பத்தின் அடையாளமாகக் கொள்வதும் சரிவராது. நினெட்டினே என்ற துணைக்குடும்பத்தில் உள்ளவை வறண்ட நிலத்தில் கல்லுக்கடியில் வாழும் குட்டிச் சிலந்திகள், குட்டைக் கால்கள். முழுக் குடும்பத்துக்கும் நெருங்கிய உறவாகக் கருதப்படுகிற டிகெட்டிடே, பிளெக்ட்ரூரிடே குடும்பங்கள் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்கின்றன. அவற்றைப் பார்த்தால் ஒட்டடைச் சிலந்தியின் சொந்தம் என்று யாருக்கும் தோன்றாது.

படம் எடுத்துப் பெயர் கேட்பவர்கள் மேலிருந்து ஒரு படம் மட்டும் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வயிற்றைப் பக்கவாட்டிலும், முகத்தை நேராகவும் எடுங்கள். அப்புறம், வளர்ந்த ஆண் கிடைத்தால் முகத்துக்குப் பக்கத்தில் குட்டிக் கால் போல் இருக்கும் இரண்டு உறுப்புகளையும் நெருக்கமாக எடுங்கள். விந்தைப் பெண்ணிடம் சேர்ப்பவை அவைதான், ஒவ்வொரு இனத்துக்கும் அவற்றின் வடிவம் வேறு. குஞ்சுகளின் படத்தை வைத்துக்கொண்டு இனப்பெயர் வரை போகாதீர்கள், பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. வாயில் முட்டை உருண்டையைக் கவ்விக்கொண்டு நிற்கும் பெண்ணைப் பார்த்தால் தள்ளி நின்றே எடுங்கள். குஞ்சு பொரியும் வரை அவள் அதைச் சுமக்க வேண்டும்.