பொடுதலை தரையில் பிடிக்காமல் போனதற்குக் காரணம் மூடாக்கு

புல்தரைக்குப் பதிலாக, தரையோடு படரும் பொடுதலைக் கொடியை நட்டிருந்தேன். கொடி நன்றாக ஓடியது, ஆனால் தரையில் பிடிக்கவில்லை. தாய்ச்செடியைச் சுற்றி மட்டும் பச்சை, ஓடிய நுனியெல்லாம் வெயில் ஏறினால் துவண்டு, அப்புறம் கருகியது. தண்ணீரைக் கூட்டியதில் தாய்ச்செடியின் அடியிலைதான் மஞ்சளானது. மண்புழு உரம் போட்டேன், கொடி இன்னும் நீளமாக ஓடியதே தவிர வேரில்லை. பூச்சியோ என்று வேப்பெண்ணெய்க் கரைசலும் தெளித்தாயிற்று, பயனில்லை.

கடைசியில் ஒரு கொடியைத் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஒவ்வொரு கணுவிலும் வேர் முளைத்திருக்கிறது, அரை விரற்கடை நீளத்தில், நுனி பழுப்பாகிக் காய்ந்து. களை வராமலிருக்கப் பரப்பிய காய்ந்த இலை மூடாக்கின் மேலேயே கொடி ஓடியதால் வேர் மண்ணைத் தொடவே இல்லை.

கொடி போகும் பாதையில் மூடாக்கை விலக்கி, மண்ணை லேசாகக் கிளறி நனைத்து, கணுவை வளைத்த கம்பியால் அழுத்தி, மேலே ஒரு பிடி மண் போட்டேன். இலையை மூடக்கூடாது, கணு மட்டும்தான். மேல்மண் காயாமல் பூவாளியால் தெளித்து வந்தேன். கொடியை மெல்ல இழுத்தால் வரவில்லை என்றால் வேர் பிடித்துவிட்டது, அதன் பிறகு கம்பியை எடுத்துவிடலாம். இப்போது இடைவெளியெல்லாம் மூடிவிட்டது, நிம்மதி.