அம்பாசடர் இன்ஜினில் டிக் டிக்: டாப்பெட் இல்லை, வேறு எங்கே?

என் பழைய அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். இன்ஜின் சூடானதும் தானாகக் குறைந்துவிடும். டாப்பெட்தான் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்றார்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து எட்டு வால்வுக்கும் 15 தௌ (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 15 பங்கு) இடைவெளி சரிபார்த்தேன், மாற்றமில்லை. கெட்டியான ஆயிலும் ஊற்றிப் பார்த்தாயிற்று. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டால் எல்லா இடத்திலும் அடிக்கிறது.

அப்புறம் இன்ஜினை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி ஓட்டினேன். ஒன்றாவது, நான்காவது சிலிண்டரில் வித்தியாசம் இல்லை. இரண்டாவதைக் கழற்றினால் சத்தம் பாதி. மூன்றாவதைக் கழற்றினாலும் அதே பாதி. டாப்பெட் சத்தம் இப்படிக் குறையாது. இந்த இன்ஜினில் இரண்டுக்கும் மூன்றுக்கும் புகை வெளியேற நடுவில் ஒரே வாய்தான். அங்கே டார்ச் அடித்தால் கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகடு) ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு! அங்கே கசியும் புகைதான் டிக் டிக்.

பழைய கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது. இன்டேக் (உள்ளே இழுக்கும்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும்) இரண்டு மேனிஃபோல்டையும், அதாவது குழாய்த் தொகுதிகளையும், சேர்த்து அழுத்துவது ஒரே தடித்த வாஷர். ஒரு பக்கம் தடிமன் குறைந்தால் வாஷர் சாய்ந்து, அந்தப் பக்கம் சரியாகப் பிடிக்காது. எனக்கு அதுதான். பக்கங்களை மட்டமாகத் தேய்த்து, புது கேஸ்கெட் போட்டு, ஒருமுறை சூடேறி ஆறியபின் நட்டுகளை மறுபடி இறுக்கினேன். சத்தம் போயே போச்சு, அப்பாடா.