கடவுச்சொல் பெட்டகத்தை இரண்டு கருவிகளில் ஒத்திசைப்பது: கோப்பு ஒரு வழி, சாவி வேறு வழி

மடிக்கணினியிலும் கைபேசியிலும் ஒரே கடவுச்சொல் பெட்டகம், அதாவது எல்லாக் கடவுச்சொற்களையும் குறியாக்கிப் பூட்டி வைக்கும் ஒரே கோப்பு, வேண்டும். அது யாருடைய சர்வரிலும் போய் உட்காரக் கூடாது. இதற்கு நான் பயன்படுத்துவது கணினியில் கீபாஸ் எக்ஸ்சி, ஆண்ட்ராய்டில் கீபாஸ் டிஎக்ஸ், இரண்டுக்கும் நடுவே கோப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்க சின்க்திங். மூன்றும் கட்டணமில்லாதவை. சின்க்திங்கின் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டதால், கைபேசியில் அதிலிருந்து பிரிந்து வேறு சிலர் பராமரிக்கும் சின்க்திங்-ஃபோர்க்கை நிறுவுங்கள்.

1. பெட்டகம்

கீபாஸ் எக்ஸ்சியில் புதிய டேட்டாபேஸ் (பெட்டகத்தை அது அப்படித்தான் அழைக்கிறது) தொடங்குங்கள். குறியாக்க அமைப்புகளில் கோப்பு வடிவம் கேடிபிஎக்ஸ் 4 என்றும், கடவுச்சொல்லைக் குறியாக்கத்துக்கு ஏற்ப மாற்றும் முறை ஆர்கான்2 என்றும் இருந்தால் போதும். ஒவ்வொரு முயற்சிக்கும் நேரமும் நினைவகமும் செலவாகும்படி ஆர்கான்2 செய்வதால், கோப்பைத் திருடியவன் கடவுச்சொற்களை மளமளவென்று முயன்று பார்க்க முடியாது.

முதன்மைக் கடவுச்சொல்லுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சொற்களை எடுங்கள். மனத்தில் தோன்றுவதை எழுதாமல், மென்பொருளிலேயே உள்ள சொற்றொடர் உருவாக்கியைப் பயன்படுத்துங்கள். தமிழ் எழுத்தில் வைக்க ஆசை வரும், எனக்கும் வந்தது. ஆனால் ‘கொ’ என்பதன் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினி விசைப்பலகை ஒரு விதமாகவும் கைபேசி விசைப்பலகை வேறு விதமாகவும் அனுப்பினால், சரியான சொல்லைத் தட்டியும் பெட்டகம் திறக்காமல் போகலாம். ரோமன் எழுத்திலேயே வையுங்கள்.

2. சாவிக் கோப்பு

டேட்டாபேஸ் செக்யூரிட்டி பகுதியில் ஒரு சாவிக் கோப்பை உருவாக்கிச் சேருங்கள். இனிப் பெட்டகம் திறக்கக் கடவுச்சொல்லும் வேண்டும், இந்தக் கோப்பும் வேண்டும். பழைய புகைப்படம் ஒன்றைச் சாவியாக வைக்கலாம் என்று சிலர் சொல்வதை ஏற்காதீர்கள். அந்தப் படத்தை ஏதாவது ஒரு செயலி சுருக்கிச் சேமித்தால் பெட்டகம் அதோடு மூடியதுதான்.

சாவிக் கோப்பை ஒத்திசைவுக் கோப்புறையில் வைக்கவே கூடாது. பூட்டிய பெட்டியையும் அதன் சாவியையும் ஒரே பையில் போட்டு அனுப்புவதற்கு எதற்குப் பூட்டு? யுஎஸ்பி கேபிள் வழியாக ஒரே ஒரு முறை கைபேசிக்கு நகலெடுங்கள். இன்னொரு நகலைப் பென்டிரைவில் போட்டு, வீட்டில் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். மின்னஞ்சல், வாட்ஸ்அப் இரண்டும் வேண்டாம்.

3. ஒத்திசைவு

பெட்டகத்துக்கென்று தனிக் கோப்புறை ஒன்று. கணினித் திரையில் சின்க்திங் காட்டும் கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து, இரு பக்கமும் ஒப்புதல் தந்து, அந்தக் கோப்புறையைப் பகிருங்கள். கணினிப் பக்கத்தில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை இயக்குங்கள். கைபேசியில் இந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிச் சிக்கனத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பின்னணியில் அது உறங்கிவிடும்.

4. இரண்டு பக்கமும் மாறும்போது

என்னை நிறுத்திய இடம் இதுதான். ஒரு நாள் வெளியில் இருந்தபோது வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிக் கைபேசியில் சேமித்தேன். மடிக்கணினியில் பெட்டகம் காலையிலிருந்தே திறந்திருந்தது. இணைய இணைப்பு இல்லை. மாலையில் அதில் வேறொரு பதிவைச் சேர்த்துச் சேமித்தேன். இரவில் பார்த்தால் வங்கியின் பழைய கடவுச்சொல்தான் இருந்தது. இரண்டு முறை தட்டிப் பார்த்தேன். மூன்றாவது முறை கணக்கு பூட்டப்படும் என்று எச்சரிக்கை வந்தது.

புதியது தொலைந்திருக்கவில்லை. கோப்புறையில் பெட்டகத்துக்குப் பக்கத்திலேயே, பெயரில் ‘சின்க்-கான்ஃப்ளிக்ட்’ என்றும் தேதி, நேரம், ஏழு எழுத்துக் குறியீடு என்றும் நீளும் இன்னொரு கோப்பு இருந்தது. இரு கருவிகளிலும் தனித்தனியே மாறிய கோப்பைச் சின்க்திங்கால் ஒன்றாக்க முடியாது. அதனால் நேரத்தில் முந்தியதை இப்படிப் பெயர் மாற்றி ஒதுக்கி வைக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள்.

வழி இது: கீபாஸ் எக்ஸ்சியில் உங்கள் வழக்கமான பெட்டகத்தைத் திறந்து, டேட்டாபேஸ் மெனுவில் ‘மெர்ஜ் ஃப்ரம் டேட்டாபேஸ்’ என்பதை அழுத்தி, அந்த முரண்கோப்பைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் அதே கடவுச்சொல், அதே சாவிதான். ஒவ்வொரு பதிவிலும் கடைசியாக மாறியது நிலைக்கும். பழையது அந்தப் பதிவின் வரலாற்றுக்குப் போகும். நேரத்தை வைத்துத்தான் இது முடிவாகிறது என்பதால் இரு கருவிகளிலும் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். வேண்டிய பதிவு வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்தபிறகு முரண்கோப்பை நீக்குங்கள்.

பிற்சேர்க்கை

கைபேசியில் மட்டும் பெட்டகம் திறக்க மறுக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பாதுகாப்பு கூடட்டும் என்று ஆர்கான்2 நினைவகத்தை 1 ஜிபிக்கு உயர்த்தியிருந்தார். 64 எம்பிக்கு இறக்கியதும் திறந்தது. எளிய கைபேசி வைத்திருப்பவர்கள் அந்த எண்ணைத் தொட வேண்டாம்.

கைபேசி திருட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். பெட்டகம், சாவிக் கோப்பு இரண்டும் அதில்தான் இருக்கின்றன. மிச்சமிருக்கும் காவல் அந்த ஆறு சொற்கள் மட்டுமே. முதலில் கணினியின் சின்க்திங்கிலிருந்து அந்தக் கைபேசியை நீக்குங்கள். முதன்மைக் கடவுச்சொல்லையும் சாவியையும் மாற்றுங்கள். ஆனால் திருடன் கையில் இருக்கும் நகல் பழைய கடவுச்சொல்லுக்கே திறக்கும். ஆகவே மின்னஞ்சல், வங்கி என்ற வரிசையில், உள்ளே இருக்கும் கடவுச்சொற்களையும் அன்றைக்கே மாற்றத் தொடங்குங்கள்.