கோ-ஆப் வேலைக்குப் போனால் இங்கிலீஷ் தானாக வந்துவிடுமா?

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் போன வாரம் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டான்: "அக்கா, கனடாவுல வான்கூவர்ல ஆறு மாசம் இங்கிலீஷ் கோர்ஸ், ஆறு மாசம் கோ-ஆப் வேலை. சம்பளத்துலயே ஃபீஸ் எடுத்துடலாம், வேலை பார்க்கப் பார்க்க இங்கிலீஷும் வந்துடும்னு சொல்றாங்க. போகலாமா?" அவன் வீட்டில் இருப்பது ஒன்றரை ஏக்கர் தேயிலை. இலை விலை இருக்கிற இருப்பில் அந்தப் பத்திரத்தை அடகு வைத்துத்தான் பணம் புரட்டுவார்கள். நானும் அதே வழியில் போய் வந்தவள். நின்றபடியே ஏதோ சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அவனிடம் சொன்னதையும், அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அனுமதி விஷயம். படிப்பின் ஒரு பகுதியாகவே வேலையும் பார்ப்பதுதான் கோ-ஆப். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. 1957இல் கனடாவின் வாட்டர்லூவுக்கு வந்தது. படிக்கிற பாடத்துக்கும் பார்க்கிற வேலைக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்பது அதன் அடிப்படை. அதனால் கனடாவில் மொழி மட்டும் கற்கும் கோர்ஸுக்கு கோ-ஆப் வேலை கிடையாது. வெளியே பகுதிநேர வேலைக்கும் அனுமதி இல்லை. ஹோட்டல் நிர்வாகம், கஸ்டமர் சர்வீஸ் மாதிரி ஒரு தொழில் டிப்ளமோவில் சேர்ந்தால்தான் வேலை. அதிலும் வேலைப் பகுதி மொத்தப் படிப்பில் பாதிக்கு மேல் போகக் கூடாது.

ஆகவே நோட்டீஸில் "இங்கிலீஷ் வித் கோ-ஆப்" என்று போட்டிருந்தால், அது ஒரே படிப்பா, இரண்டு தனித்தனிப் படிப்புகளா, எதற்குச் சேர்க்கைக் கடிதம் தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற கல்லூரிகளுக்குத் தரும் டி.எல்.ஐ. எண் அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா என்பதைக் கனடா குடியேற்றத் துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். படிப்பு முடிந்ததும் கிடைக்கும் வேலை அனுமதி பெரும்பாலான தனியார் கல்லூரிப் படிப்புகளுக்கு இல்லை. "அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், ஜெர்மனி விதியைக் கனடாவுக்குச் சொல்பவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அங்கே 2024 மார்ச் முதல் மொழி கோர்ஸ் விசாவிலேயே வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அது அந்த நாட்டுக்கு.

சம்பளத்தில் ஃபீஸ் கட்டும் கணக்கு தேறாது. வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2025 ஜூனில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.85 கனடா டாலர் ஆனது. கேட்க நன்றாக இருக்கும். வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகிவிடும். தனியாகப் போகிற மாணவர் ஃபீஸும் பயணச் செலவும் போக ஒரு வருடச் செலவுக்கு 22,895 டாலர் காட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரிலிருந்து கனடா அரசு கேட்கிறது. வந்தபின் சம்பாதித்துச் சமாளிக்கலாம் என்று அந்த அரசே நம்பவில்லை. நாம் எப்படி நம்புவது?

சரி, நான் அதிகம் பேச நினைப்பது மொழியைப் பற்றி.

என் பாட்டி படுக மொழி மட்டும் பேசும் ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், வளர்ந்தவர். இலை எடை போடும் இடத்திலும் சந்தையிலும் நின்று நின்றே தமிழ் கற்றார். கூடலூர்ப் பக்கம் தமிழும் மலையாளமும் கன்னடமும் கலந்து பேசாத வீடு குறைவு. அதனால் வேலைக்குப் போனால் மொழி வரும் என்பதை மலைக்காரர்கள் நாம் சுலபமாக நம்பிவிடுகிறோம். பாட்டிக்கு இருபது வருடம் கிடைத்தது. அரைக் கிலோ குறைத்துப் போட்டவரோடு தினமும் வாதாட வேண்டியும் இருந்தது. கோ-ஆப்பில் நமக்குக் கிடைப்பது ஆறு மாதம், அதுவும் பல நேரம் பேச ஆளே இல்லாத மூலையில்.

நான் அந்த மூலையை நானே கேட்டு வாங்கினேன். பேச்சு வராது என்ற பயத்தில், ஒரு ஹோட்டல் கிச்சனில் பாத்திரம் கழுவும் இடம் போதும் என்றேன். இரண்டு மாதம் மெஷின் சத்தத்தில் போயிற்று. "பிஹைண்ட்", "ஹாட்", "கார்னர்" என்று கத்திக்கொண்டே நடக்கப் பழகினேன். அதைத் தாண்டி ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம் பேசியிருந்தால் அதிகம். நீங்கள் இதைச் செய்யாதீர்கள். காலை உணவு கவுன்டர், ரிசப்ஷன், போன் எடுக்கும் வேலை என்று மனிதர்கள் வந்து போகும் இடமாகக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் நெஞ்சு அடைக்கும். அந்த இரண்டு வாரத்தைத் தாண்டத்தான் இவ்வளவு காசு கட்டிப் போகிறோம்.

அடுத்தது, புரியாதபோது "யெஸ், யெஸ்" என்று தலையாட்டுவது. ஒரு மாலை செஃப் "எய்ட்டி-சிக்ஸ் தி சாமன்" என்றார். யெஸ் செஃப் என்று சொல்லிவிட்டு, எண்பத்தாறு தட்டுக்கு மீன் எடுக்க குளிர் அறைக்குப் போனேன். மீன் தீர்ந்துவிட்டது, இனி ஆர்டர் எடுக்காதே என்பதுதான் அங்கே அதற்கு அர்த்தம். நான் திரும்பி வருவதற்குள் வெளியே மூன்று மேசைக்கு மீன் ஆர்டர் எடுத்திருந்தார்கள். அன்று திட்டு விழுந்தது எனக்குப் புரியாததால் அல்ல, புரிந்ததாகச் சொன்னதால். அதற்குப் பிறகு, சொன்னதை என் வாக்கியத்தில் திருப்பிச் சொல்லிக் கேட்கப் பழகினேன்: "சாமன் இல்லை, சர்வர்களிடம் சொல்லட்டுமா?" இந்த ஒரு பழக்கம் ஆறு மாத வகுப்பை விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

இதை விட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. எஸ்டேட்டில் மேஸ்திரி "அதை எடு" என்றால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அங்கே சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே "யூ மைட் வாண்ட் டு செக் டேபிள் சிக்ஸ்" என்பார். விருப்பம் இருந்தால் பாரு என்று நமக்குக் கேட்கும். உண்மையில் அது உத்தரவு, இப்போதே போ என்று அர்த்தம். "யூ ஆர் குட்" என்பதும் பாராட்டு இல்லை; பரவாயில்லை, விடு என்பதுதான். வகுப்பில் இலக்கணம் சொல்லித் தருவார்கள். இந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஏப்ரனில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தனிச் சொல்லாக எழுதாமல் முழு வாக்கியமாக, யார் எப்போது சொன்னார் என்பதோடு எழுதுங்கள்.

அந்த நோட்டை யாரிடம் காட்டுவது? கோ-ஆப்பில் வகுப்பு முடிந்துதான் பெரும்பாலும் வேலை தொடங்கும், அதற்குள் ஆசிரியர் கையை விட்டுப் போய்விடுவார். வகுப்பு முடியும் முன்பே, மாதம் ஒரு முறையாவது சந்தேகம் கேட்க வரலாமா என்று பேசி வையுங்கள். பல ஊர்ப் பொது நூலகங்களில் இலவசமாக உரையாடல் வட்டம் நடக்கிறது. வாராந்திர லீவு நாளில் ஒரு மணி நேரம் போய் உட்காருங்கள்.

புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கிச்சன் ரசாயனங்களின் லேபிள், ஆபத்துக் குறிகள் பற்றிய பயிற்சிக்கு அங்கே டபிள்யூ.எச்.எம்.ஐ.எஸ். என்று பெயர். அரைகுறையாகக் கேட்டுவிட்டு "புரிந்தது" என்று எழுதிக் கொடுத்தால் வெந்துபோவது உங்கள் கைதான்.

தமிழ்ப் பிள்ளைகளோடு அறை எடுப்பதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்துக் கொடுத்தது அவர்கள்தான். ஆனால் பிரேக் நேரம் முழுக்க வீட்டுக்குப் போன் பேசினேன், அதற்குத்தான் இன்றும் வருந்துகிறேன். கோடையில் வான்கூவர் நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை ஏழு என்றால் இங்கே இரவு ஏழரை, அம்மா சமையல் முடித்து உட்காரும் நேரம். வேலைக்குக் கிளம்பும் முன் அப்போதே பேசிவிடலாம். பிரேக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிலிப்பைன்ஸ்காரரிடம் அவர் ஊரைப் பற்றிக் கேளுங்கள். அவரும் இங்கிலீஷைக் கற்று வந்தவர், பொறுமையாகப் பேசுவார்.

பஸ் ஸ்டாண்டில் பார்த்த தம்பி இப்போது அந்தக் கல்லூரிக்கு மூன்று கேள்விகள் மெயிலில் அனுப்பியிருக்கிறான்: எந்தப் படிப்புக்குச் சேர்க்கைக் கடிதம், வேலை எத்தனை வாரம், வேலைக்குச் சம்பளம் உண்டா. பதில் வரும்வரை பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும் என்று அவன் அப்பாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.